அண்ணையின் மேசைக் கோச்சியும் வந்து சேராத ஒரு ரிக்கற்றும்

தெல்லிப்பழையில், புகையிரதப் பாதைக்கு இரண்டு வளவு தள்ளியிருந்த வீட்டில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாக அண்ணை பிறந்தார். அவருக்கு நான்கு வயது இளையவர் சின்னண்ணை. அவருக்கும் பிறகு நான். அண்ணையைப் பற்றி அவருடைய இந்த நினைவு மலரில் எழுதக்கூடிய மூத்தவர்கள் எல்லோரும் போய்விட்டபடியால் அந்தக் கடமை என் தலையில் விழுந்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் கணக்குப் படிப்பித்தவள் நான். அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மலரின் கடைசிப் பக்கத்தில் உறவுமுறை வரிசை இருக்கிறது. எங்கள் ஆட்கள் அதைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த வரிசையில், இறந்துவிட்ட உறவினரின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவது வழக்கம். அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்புப் படியில் சின்னண்ணையின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி இருந்தது. போதாததற்குத் தொலைபேசியிலும் கூப்பிட்டார்கள்.

"ரீச்சர், உங்கடை சின்னண்ணைக்குக் 'காலஞ்சென்ற' போடுறதோ, விடுறதோ?"

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி, யோசிச்சுச் சொல்லுறன்."

"உதிலை யோசிக்க என்ன ரீச்சர் இருக்கு?"

அந்தப் பிள்ளையில் பிழையில்லை. ஆனால் அண்ணை உயிரோடு இருந்தவரை எங்கள் வீட்டில் எவரும் சின்னண்ணையின் பெயரோடு சேர்த்துச் சொல்லாத சொல் அது. சொல்லலாமா, கூடாதா என்பதுதான் எனக்கும் அண்ணைக்கும் இடையில் இருந்த ஒரே சண்டை. இப்போது அண்ணை இல்லை, தீர்மானம் என் ஒருத்தியின் கையில் வந்துவிட்டது. அதைத் தீர்க்காமல் அண்ணையின் வாழ்க்கையை எழுதி முடிக்க முடியாது என்பதால் இந்தக் கட்டுரை இப்படி அமைந்துவிட்டது.

அண்ணை படிப்பை முடித்துக்கொண்டு புகையிரதப் பகுதியில் ரிக்கற் கொடுக்கும் லிகிதராகச் சேர்ந்தார். தெற்கே சில நிலையங்களில் இருந்துவிட்டுச் சொந்த ஊரான தெல்லிப்பழைக்கே மாற்றலாகி வந்தார். அவருடைய கண்டிப்பை அறியாத சொந்தக்காரர் குறைவு. எங்கள் தாய்மாமனையே ரிக்கற் இல்லாமல் மேடைக்குள் விடமாட்டேன் என்று மறித்து வைத்தவர். "மாமா எண்டாலும் ரிக்கற் ரிக்கற்தான்" என்று அவர் சொன்னதை மாமா கடைசிவரை மன்னிக்கவில்லை. சின்னண்ணை இதற்கு நேரெதிர். நேரம் பார்க்க மாட்டார், சொல்லிவிட்டுப் போக மாட்டார், சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வருவார், சிரித்துக்கொண்டே வெளியே போவார். அம்மாவுக்கு அவரில் தனிப் பட்சம். அதை மறைக்கவும் மாட்டா.

ஒருநாள் சின்னண்ணை காலைக் கோச்சியில் கொழும்புக்கு வெளிக்கிட்டார். நீலச் சேட்டுப் போட்டிருந்தார், தோளில் ஒரு பை. வெளிக்கிட்ட ஆளைப் பார்த்து 'எங்கை போறாய்' என்று கேட்பது எங்கள் வீட்டில் பெருங்குற்றம். போகும் காரியம் கெட்டுவிடும் என்று அம்மா அடிக்கவே வருவா. கேட்டே ஆக வேண்டுமென்றால் தூரமா என்று மட்டும் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன்.

"தூரத்துக்கோ சின்னண்ணை?"

"ஓம், கொஞ்சம் தூரம்தான். போட்டு வாறன்."

அண்ணை யன்னலுக்குப் பின்னால் இருந்து அவருக்கு ரிக்கற் கொடுத்தார். அவரும் எங்கே என்று கேட்கவில்லை. கொழும்பு என்று ரிக்கற்றிலேயே இருந்தது, அதற்கு மேல் கேட்பது முறையில்லை. சின்னண்ணை மூன்றாம் பெட்டியில் யன்னலோரம் இருந்தார். அம்மாவும் நானும் மேடையில் நின்று கைகாட்டினோம். அவர் கொழும்பில் இறங்கியதைக் கண்டவர் எவருமில்லை. இடையில் எங்கேனும் இறங்கினாரா என்பதும் தெரியாது. தேடத் தொடங்கியபோது என்ன அலுவலாகப் போனவர், யாரைப் பார்க்கப் போனவர், எந்த விலாசம் என்று எல்லா இடத்திலும் எங்களைக் கேட்டார்கள். ஒன்றுக்கும் எங்களிடம் பதில் இருக்கவில்லை. சகுனம் பார்த்து வாயை மூடிக்கொண்ட குடும்பத்துக்கு என்ன தெரியும்? எனக்கு இன்றைக்கும் அம்மாவில் கோபம் இருக்கிறது. என்னில் அதைவிடக் கூடக் கோபம்.

அதற்குப் பிறகு அதிக காலம் செல்லவில்லை, யுத்தத்தால் கோச்சி ஓடுவது நின்றது. தெல்லிப்பழையை விட்டு எழும்பினோம். கோப்பாயில் ஒரு வீட்டில் ஒதுங்கினோம். அண்ணை ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலைக்கு அனுப்பப்பட்டார். பிறகு அங்கிருந்தும் எழும்பி, எல்லோரையும் போலத் தென்மராட்சிக்கு நடந்து, கொடிகாமத்தில் ஒரு கொட்டிலில் ஆறு மாதம் இருந்தோம். கொட்டிலுக்குப் பின்னால் புகையிரதப் பாதை இருந்தது. பாதை என்று சொல்லக்கூடாது. தண்டவாளமும் இல்லை, சிலிப்பர்கட்டையும் இல்லை, வெறும் மண்மேடு. அம்மா அந்த மேட்டில் ஏறி வடக்கையும் தெற்கையும் பார்த்துவிட்டு அண்ணையிடம் கேட்டா:

"தண்டவாளம் இல்லாட்டி அவன் எதிலை வாறது?"

அண்ணை குனிந்து அந்த மேட்டு மண்ணில் ஒரு பிடி அள்ளி வெறும் மருந்துப் போத்தலுக்குள் போட்டு மூடிக்கொண்டார். இந்த மனிதருக்கு விசர் பிடித்துவிட்டதோ என்று பயந்தேன்.

கோப்பாய்க்குத் திரும்பி வந்த பிறகுதான் போத்தல் எதற்கென்று விளங்கியது. விறாந்தையோடு இருந்த நடுக்கூடத்தில் இரண்டு பழைய கதவுகளை மேசைபோலப் பொருத்தி, அதன்மேல் கொடிகாமத்திலிருந்து தெல்லிப்பழை வரை பாதை போட்டார். குடைக்கம்பிகள் தண்டவாளமாயின. ஐஸ்பழக் குச்சிகளைச் சீவிச் சிலிப்பர்கட்டை செய்தார். பால்மா ரின்னை வெட்டிப் பெட்டிகள், பழுதான கசெற் வானொலியின் மோட்டார் வைத்து இயந்திரம். பெட்டிக் கூரைகள் மூடிபோலத் திறக்கக்கூடியவை. மின்சாரம் இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினால்தான் கோச்சி நகரும். சுற்றியவள் நான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வணக்கம் சொல்லும் ரீச்சர், பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டில் பெடல் மிதித்த கதை இதுவரை வெளியில் வந்ததில்லை.

சுற்றுப்புறம் அமைப்பதில் அண்ணை ஒரு விதி வைத்திருந்தார். எந்த ஊரோ அந்த ஊர் மண்தான் போட வேண்டும். மண்ணைத் துணியில் அரித்து, பலகைக்கு மாப்பசை பூசி, அதன்மேல் தூவி, பப்பாசிக் குழாயால் மெல்ல ஊதி மிச்சத்தை எடுப்பார். நாவற்குழி மண் உப்பு மண். மாரி தொடங்கினால் மேசையில் நாவற்குழிப் பகுதி மட்டும் கசிந்து ஈரமாகிவிடும். கோண்டாவில், இணுவில் பக்கம் நல்ல செம்மண். ஈர்க்கிலும் சாயம் போட்ட ஓலையிலும் பனைகள் செய்தார், போத்தல் மூடிகளில் கிணறுகள். ஆனால் தெல்லிப்பழை இராணுவ வலயமாகிவிட்டபடியால் நாங்கள் அங்கே போக முடியாது, மண் எடுக்க வழியில்லை. எந்தச் செம்மண்ணைப் போட்டாலும் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்" என்றார். அதனால் தெல்லிப்பழை மட்டும் பல வருடங்களாக வெறும் பலகையாகக் கிடந்தது.

அந்த வெறும் பலகையில் ஒரு மேடை, மேடையில் முள்முருக்கங் கட்டையில் செதுக்கிய அம்மாவும் நானும் கைகாட்டிக்கொண்டு நிற்போம். ரிக்கற் யன்னலுக்குப் பின்னால் அண்ணை. மூன்றாம் பெட்டியில் நீலச் சேட்டோடு சின்னண்ணை. ஒவ்வொருவரும் அரைச் சுண்டுவிரல் உயரம். கோச்சி ஓடி வந்து நின்றதும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாம் பெட்டி யன்னலைக் குனிந்து பார்ப்பா. "இருக்கிறான்" என்பா. பிறகுதான் தேத்தண்ணி குடிப்பா. இது தினமும் நடந்தது.

செய்து முடிப்பதல்ல பெரிய வேலை, பராமரிப்பதுதான். எங்கள் உப்புக்காற்றுக்குக் குடைக்கம்பி ஒரு கிழமை தாங்காது. அண்ணை ஒவ்வொரு காலையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தண்டவாளம் முழுவதும் துடைப்பார். துடைக்காவிட்டால் சிவந்துபோகும். பல்லி விழுந்து மீசாலை நிலையம் இரண்டு தரம் இடிந்தது. கறையான் மேசைக் காலில் ஏறியது. எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் பார்த்தார். தூசு தட்டுவது மட்டும் என் வேலை. வண்ணம் பூசும் தூரிகையால் ஊர் ஊராகத் தட்ட வேண்டும். தும்மல் வரும். இந்தச் சனியனைத் தூக்கி வெளியே போட்டால் என்ன என்று வாரத்தில் ஒருநாளாவது நினைத்திருப்பேன்.

அம்மா கோப்பாயிலேயே காலமானா. சாம்பலை, ஆமியிடம் அனுமதி எடுத்து வேறு பாதையால் கொண்டுபோய், கீரிமலைக் கடலில் கரைத்த அன்று அண்ணை மேடையிலிருந்த அம்மாவின் பொம்மையையும் எடுத்துச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கடலில் விட்டார். போனவர்களை மேடையில் நிறுத்தி வைக்கக்கூடாது என்றார். அதுவும் விதியாகிவிட்டது.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று மத்தியானம், சாப்பிட்டவர்கள் எல்லோரும் போன பிறகு, நான் மேசையைத் தூசு தட்டினேன். மூன்றாம் பெட்டி யன்னலில் எவரும் இல்லை. தேடியபோது மேசையின் மறுகரையில், கொடிகாம மேடையில், நீலச் சேட்டு நின்றது. கோச்சியிலிருந்து இறங்கிய ஆள்போல முகம் வடக்கே திரும்பியிருந்தது. அண்ணைதான் கூரையைத் திறந்து எடுத்து வைத்திருக்கிறார், அம்மாவுக்காக ஆளைத் திருப்பி அழைக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் கேட்கவில்லை. சிறிது நேரத்தில் அண்ணை வந்தார். கொடிகாமத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. வெளிக்கிட்ட ஆளைப் பற்றி எங்கே என்று கேட்பது எங்கள் வழக்கமில்லையே.

அதிலிருந்து நீலச் சேட்டு ஊர்ந்து வரத் தொடங்கியது. சில வருடம் அசையாது. சில வருடம் இரண்டு நிலையம் கடந்துவிடும். மீசாலையில் நின்றது. சாவகச்சேரியில் நெடுங்காலம் நின்றது. நாவற்குழியில் ஒரு மாரி முழுவதும் ஈரத்தில் நின்றதால் கட்டை ஊறி முதுகு சற்றுக் கூனிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குசினியிலிருந்து சோற்றுக்கோப்பையோடு வந்தபோது ஆள் நாவற்குழியில் இல்லை, யாழ்ப்பாண நிலையத்தில் கூரைக்குக் கீழ் நின்றார். காலையில் தூசு தட்டியபோது நாவற்குழியில் இருந்தவர். அண்ணை சாய்மனைக் கதிரையில் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நல்லாய்த்தான் நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கோப்பையை வைத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சின்னண்ணையின் பொம்மைக்கு அண்ணை கறுப்பு மை பூசித் தலைமயிர் வைத்திருந்தார். கொக்குவில் தாண்டியபோது நெற்றிக்கு மேலே வெளுத்திருந்தது. இணுவிலில் முழுவதும் வெளுத்துவிட்டது. மை உதிர்ந்தால் முருக்கங்கட்டை வெள்ளையாகத்தான் தெரியும், இது எனக்கு விளங்காத விஷயமில்லை. ஆனால் அதே மை பூசிய என் பொம்மையின் தலை இன்றும் கன்னங்கரேலென்று இருக்கிறது. இத்தனை வருடத்தில் இந்தப் பொம்மையைப் பற்றி அண்ணை வாய்திறந்து சொன்னது ஒரே ஒரு வசனம்.

"ஆளுக்கு நரைச்சுப் போச்சுது, என்ன?"

"ஓம்" என்றேன்.

மீண்டும் கோச்சி ஓடத் தொடங்கிய காலத்தில் அண்ணை ஓய்வு பெற்றுவிட்டார். முதல்நாள் கூட்டத்தில் போகாமல், சனம் குறைந்த ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஏறித் தெல்லிப்பழையில் இறங்கினார். வாசலில் எவரும் ரிக்கற் வாங்கவில்லை. சனம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அண்ணை மட்டும் ரிக்கற்றை நீட்டியபடி வெயிலில் நின்றார்.

"வாங்கோ அண்ணை, உதை ஆர் கேக்கப்போகினம்?" என்று நான் இழுத்தேன்.

"வாங்காமல் விட்டால் நான் இன்னும் வந்து சேரேல்லை எண்டல்லோ அர்த்தம். ரிக்கற் குடுத்தால் பயணம் தொடங்கும். திருப்பி வாங்கினால்தான் முடியும்."

கடைசியில் ஓர் ஊழியர் வந்து சிரித்துக்கொண்டே வாங்கினார். அதன்பின் அண்ணை நிலையத்துக்குப் பின்னால் போய் ஒரு போத்தல் மண் அள்ளினார். அன்று பின்னேரமே மேசையில் தெல்லிப்பழைக்கு மண் விழுந்தது. ஊதி முடித்ததும் அவருடைய கண் கலங்கியிருந்தது. பசை காய்ந்ததும் நிலையத்தைச் சுற்றி நாங்கள் இருந்த நாளில் இருந்தபடியே பனைகளை நட்டார்.

அந்த வருடம்தான் எங்கள் சண்டையும் வந்தது. காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள். தெல்லிப்பழை வளவின் உறுதிப் பத்திரத்தில் சின்னண்ணையின் பெயரும் இருந்ததால், சான்றிதழ் இருந்தால் காரியங்கள் இலகு. எனக்கும் களைத்துவிட்டது. ஒரு நாளைத் தீர்மானித்து, ஒரு விளக்கு ஏற்றி, ஒரு திவசம் செய்து, அழுது முடிக்க விரும்பினேன். படிவத்தை நிரப்பி அண்ணையின் முன்னால் வைத்தேன்.

"ரிக்கற் குடுத்தவன் நான். அது இன்னும் திரும்பி வரேல்லை" என்றார்.

"அம்மாவும் இப்படித்தான் இருந்து போய்ச் சேர்ந்தவ. நீங்களும் அப்பிடியே போகப்போறியளோ?"

"போனால் போறன். கையெழுத்து வைக்கமாட்டன்."

"கட்டையை நகர்த்தினால் ஆள் வந்திடுமோ?" என்று கத்திவிட்டேன். அண்ணையின் முகம் மாறியது. இரண்டு மாதம் நாங்கள் கதைக்கவில்லை. ஒரே வீட்டில் கதைக்காமல் இருப்பது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். படிவத்தை நானே கிழித்துப் போட்டேன். அண்ணையிடம் இந்தப் பக்கத்தில் மன்னிப்புக் கேட்கிறேன், நேரில் கேட்கவில்லை.

சென்ற மாரியில் அண்ணைக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. தெல்லிப்பழை வைத்தியசாலையில் மூன்று கிழமை இருந்தார். அவரை அம்புலன்ஸில் ஏற்றிய அன்று வீட்டைப் பூட்டியவள் நான். பின்கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள், யன்னல்கள் எல்லாம் கம்பி போட்டவை. முன்கதவைப் பூட்டும் திறப்பு ஒன்றே ஒன்று. அது என் கைப்பைக்குள், பையை நான் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் பக்கத்திலுள்ள மச்சாள் வீட்டில் தங்கினேன். பூட்டும்போது நீலச் சேட்டு மல்லாகத்தில் நின்றது. மல்லாகத்துக்கு அடுத்தது தெல்லிப்பழை.

ஒருநாள் முற்பகல், தாதி மருந்து கொடுத்துவிட்டுப் போன பிறகு, அண்ணை என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, ஆள் இப்ப எவடத்திலை?"

"மல்லாகத்திலை."

"இனி அவனை அங்கையே விடு. கெதியா நகர்த்தாதை. நான் வீட்டை வந்து யன்னலிலை இருக்கவேணும். அதுக்குப் பிறகு கொண்டு வா."

எனக்கு விளங்கவில்லை.

"நானோ? நானெங்கை நகர்த்தினனான்? நீங்களெல்லோ அண்ணை இவ்வளவு காலமும்?"

அண்ணை என்னைப் பார்த்தார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். தாய்மாமனுக்கே சொல்லாதவர்.

"நான் ஒருநாளும் தொடேல்லை" என்றார். "நீ அம்மாவுக்காகச் செய்யிறாய் எண்டு நினைச்சன். சண்டை பிடிச்ச பிறகும் செய்யிறாயே எண்டு எனக்குப் பெரிய ஆறுதலாய் இருந்தது."

வெளியே கோச்சி கூவுவது கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நல்லவர் என்று நினைத்துக்கொண்டு, கேட்கக்கூடாது என்ற ஒரு வழக்கத்துக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். அண்ணை பயப்படவில்லை. "அப்ப போய்ப் பார்" என்றார். போகிறேன் என்றேன். போகவில்லை. பகல் வெளிச்சத்தில், கோப்பாய் வீதியில் பஸ்ஸும் சைக்கிளும் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில், என் சொந்த வீட்டுக் கதவைத் திறக்க எனக்குப் பயமாக இருந்தது. பார்த்தேன், மல்லாகத்தில்தான் நிற்கிறார் என்று அடுத்தநாள் அண்ணையிடம் பொய் சொன்னேன்.

"அப்ப நேரம் இருக்கு" என்று கண்ணை மூடினார். இரண்டு நாளில், காலைக் கோச்சி வரும் வேளையில், அண்ணை இறைவனடி சேர்ந்தார்.

உடல் வீட்டுக்கு வருவதற்கு முன் கூட்டிப் பெருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்காவோடு கோப்பாய்க்கு வந்து கதவைத் திறந்தேன். மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். மூன்று கிழமைத் தூசு மேசை முழுவதும் ஒரே சீராகப் படிந்து கிடந்தது. கோச்சி கொடிகாமத்தில், அண்ணை விட்ட இடத்தில் நின்றது, அதன்மேலும் தூசு. துடைக்க ஆளில்லாமல் தண்டவாளம் கொடிகாமத்திலிருந்து மல்லாகம் வரை சிவந்து துருப்பிடித்திருந்தது. மல்லாகத்திலிருந்து தெல்லிப்பழை வரை மட்டும் பளபளவென்று இருந்தது. கோச்சி ஓடிய தண்டவாளம்தான் அப்படி இருக்கும்.

சின்னண்ணை ரிக்கற் யன்னலுக்கு முன்னால் நின்றார். யன்னலுக்கு உள்ளே அண்ணை. இரண்டு பொம்மைகளும் முகத்துக்கு முகம் பார்த்தபடி இருந்தன. சுற்றிலும் தூசியில் ஒரு கீறல்கூட இல்லை.

"என்ன ரீச்சர், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?" என்று அக்கா கேட்டா.

"ஒண்டுமில்லை. விளக்குமாறைத் தாங்கோ" என்றேன்.

எலி, காற்று, பல்லி, பூமி அதிர்வு என்று எனக்குத் தெரிந்த எல்லாக் காரணத்தையும் இந்த நாட்களில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் சரிவரவில்லை. விடை வராத கணக்கை விட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகச் சொல்லித்தான் பிள்ளைகளுக்கு நான் படிப்பித்தேன். அடுத்த கணக்கு அண்ணையின் விதி. போனவரை மேடையில் வைத்திருக்கக்கூடாது. அந்தியேட்டியன்று கீரிமலைக்குக் கொண்டுபோவதற்காக, சென்ற வெள்ளிக்கிழமை யன்னலுக்குப் பின்னாலிருந்த அண்ணையின் பொம்மையைப் பெயர்த்து எடுத்தேன். எடுத்த பிறகு பார்த்தால், சின்னண்ணை வெறும் யன்னலுக்கு முன்னால் நிற்கிறார். அவ்வளவு தூரம் வந்த மனிதர், கூனி, நரைத்து, கடைசியில் ரிக்கற் வாங்க ஆளில்லாமல். தாங்க முடியவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணையின் சாவீட்டில்கூட நான் அப்படி அழவில்லை.

அழுது முடித்துவிட்டு, மேடையில் கைகாட்டிக்கொண்டு நின்ற என் பொம்மையைத் தெல்லிப்பழை மண்ணோடு கிளப்பி யன்னலுக்குப் பின்னால் வைத்தேன். உயர்த்திய கை உயர்த்தியபடியே இருக்கிறது. வாங்குவதற்கு நீட்டிய கை என்றும் சொல்லலாம். இப்போது ஒவ்வொரு காலையும் தண்டவாளத்துக்கு மண்ணெண்ணெய் போடுகிறேன். மத்தியானமும் ஒருதரம் போய்ப் பார்க்கிறேன். இன்னும் முன்னால்தான் நிற்கிறார்.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். அண்ணையை மூன்று கிழமையும் தங்கள் வீட்டு மனிதர்போலப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், எனக்குச் சோறும் பாயும் தந்த மச்சாளுக்கும், பிள்ளையில்லாத மனிதருக்குப் பிள்ளையாக நின்று கொள்ளிவைத்த, ஒன்றுவிட்ட தம்பியின் மகனான பெறாமகனுக்கும், பந்தல் போட்டு, கதிரை சுமந்து, தேத்தண்ணி ஊற்றி, இந்த முப்பத்தொரு நாளும் எங்கள் வாசற்படலையைத் தனியே விடாத கோப்பாய் அயலவர்களுக்கும், வெளிநாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும், வரமுடியாமல் அழுதவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. நாங்கள் வைத்தியசாலையில் இருந்த நாட்களில் பூட்டிய வீட்டுக்குள் எவராவது வந்து போயிருந்தால், அவருக்கும் நன்றி. அவர் என்னிடம் வந்து சொல்ல வேண்டியதில்லை.

அச்சகத்தாருக்கு இன்று காலை பதில் சொன்னேன்.

"அந்தச் சொல்லைப் போடவேண்டாம் தம்பி."

"அப்ப அவர் இருக்கிறார் எண்டோ ரீச்சர்?"

"அப்பிடி நான் சொல்லேல்லை. ரிக்கற் இன்னும் என்ரை கைக்கு வரேல்லை."

ஆகவே உறவினர்கள் கடைசிப் பக்கத்தைப் புரட்டும்போது, காலஞ்சென்றவர்களின் பெயர்களுக்கு நடுவில், சின்னண்ணையின் பெயருக்கு முன்னால் மட்டும் வெறுமையாக இருப்பதைக் காண்பார்கள். அச்சுப்பிழை என்று எண்ணி எவரும் பேனையால் எழுதிவிட வேண்டாம்.

தங்கை
கோப்பாய்